தேனீக்களுக்குத் தூபம் காட்டிய கல்யாணம்

காலை ஏழேகால் மணிக்குக் கோவில்பிள்ளை சின்னப்பன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மகள் ரெஜினாவின் கல்யாணப் பூசை ஒன்பது மணிக்கு. கோவிலைத் திறந்து வைப்பதும் பீடத்தில் பூச்சாடி, மெழுகுதிரி எல்லாம் எடுத்து வைப்பதும் சின்னப்பன் வேலை. அந்த நேரத்தில் அவர் எங்கள் வாசலில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

"டீச்சரம்மா, சார் இல்லையா?"

"மாப்பிள்ளை வீட்டு லாரியக் கூட்டிக்கிட்டு வர பழனி ரோட்டு முக்குக்குப் போயிருக்காரு. என்ன சின்னப்பா?"

"ஒண்ணுமில்ல." தலையைச் சொறிந்தார். "பீடத்துல ஈ உக்காந்துருக்கு."

"ஈதான? துணிய வச்சு ஓட்ட வேண்டியதுதான."

"துணிக்கு அடங்குற ஈ இல்லம்மா. சார் பெட்டியில வளக்குறாரே, அது. ஒரு மரக்கால் இருக்கும்."

போன வாரம் இந்தத் தொடரில் நிச்சயதார்த்தத்தோடு நிறுத்தியிருந்தேன். "அப்புறம் கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா டீச்சர்?" என்று ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலிலேயே ஒரு வாசகி என்னைப் பிடித்துக்கொண்டார். நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அறையில் புதிதாக மாட்டிய மின்விசிறி ரீங்கென்று சுழல ஆரம்பித்தால், நான் இப்போதும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறேன். பிள்ளை பெற்றவர்களுக்கு இது புரியும்.

மெழுகு வாசம்

கோவிலுக்கு ஓடினேன். நடுப்பீடத்தில், நற்கருணைப் பேழைக்கு இடப்பக்கம் இருந்த பெரிய மெழுகுதிரித் தண்டில் அவை தொங்கிக்கொண்டிருந்தன. நடுத்தரமான பலாக்காய் அளவு. பழுப்பாக, ஈரமாக மினுமினுத்தது. கூர்ந்து பார்த்தால் அந்தக் காய் மூச்சு விடுவது தெரிந்தது. ஒன்றன் காலை ஒன்று பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் தொங்கின.

வேறு இடமா இல்லை இவற்றுக்கு? வாசலில் வேப்பமரம் இருக்கிறது. பாழடைந்த பழைய மணிக்கூண்டு இருக்கிறது.

"நேத்து சாயங்காலம் பழைய திரித் துண்டையெல்லாம் உருக்கினேன்மா" என்றார் சின்னப்பன், பீடத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறையைக் காட்டி. "பாப்பா கல்யாணத்துக்கு முழுத்திரியா எரியட்டுமேன்னு. புகை போகட்டும்னு சன்னலையும் தெறந்து போட்டேன்."

அந்நாளில் பீடத்துத் திரியைத் தேன்மெழுகில்தான் செய்ய வேண்டும் என்பது கோவில் ஒழுங்கு. அதை உருக்கினால் அறை மட்டுமல்ல, தெருவே மணக்கும். பழைய கூட்டை விட்டுப் புது வீடு தேடிப் பறக்கிற தேனீக்களுக்கு அந்த வாசம், விருந்துக்கு இலை போட்டது மாதிரி. சின்னப்பன் என் மகளுக்குச் செய்த மரியாதை, அழையாத விருந்தாளிகளைக் கூட்டி வந்துவிட்டது.

"யாரும் கிட்டப் போகாதீங்க. சார் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, ரெஜினாவுக்குப் பூ வைத்து விடுவதற்காக வீட்டுக்குத் திரும்பினேன். சொன்னால் கேட்பார் என்று நம்பினேன்.

சைக்கிளில் வந்த பெட்டி

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரயிலடியில் சரக்கு ஆபீசில் குமாஸ்தா. பெயர் சவரிமுத்து. ஒருநாள் காந்திகிராமம் பக்கம் போனவர், சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே தேனீ. அந்த வாரமே, அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்த ரெஜினாவின் உதட்டில் ஒன்று கொட்டிவிட்டது. குழந்தையின் வாய் சின்னக் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. நான் ஊரைக் கூட்டிவிட்டேன்.

"இந்த வீட்டுல ஒண்ணு பெட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அவர் நிதானமாக யோசித்தார். என்னையும் அனுப்பவில்லை, பெட்டியையும் அனுப்பவில்லை. பெட்டியைக் கொல்லையில் கொய்யா மரத்தடிக்கு மாற்றினார். வேடிக்கை என்னவென்றால், கொட்டு வாங்கிய குழந்தை பயப்படவே இல்லை. வளர வளர அப்பாவுக்குப் பின்னாலேயே நின்று தேனடை கட்டிய மரச் சட்டங்களை எடுத்துக் கொடுத்தாள். பயமெல்லாம் எனக்குத்தான் மிஞ்சியது. ஜெபமாலை சொல்லும்போதுகூட ஒரு காது கொல்லைப்பக்கமே இருக்கும்.

என் பயம் கொஞ்சம் இளகியது அகரத்துக்காரர்களால். அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரு விவசாயக் குடும்பம், பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். பந்தல் போட்டுச் சுரையும் பீர்க்கும் பயிரிட்டிருந்தார்கள். பூ நிறையப் பூக்கும். பிஞ்சு நிற்காது, வெம்பி விழும். இவர் ஒரு பெட்டியைக் கொண்டுபோய்ப் பந்தல் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த காய்ப்பில் அந்த வீட்டு அம்மா ஒரு சுரைக்காயைக் குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "இந்தாங்க டீச்சர், உங்க வீட்டு ஈ காய்ச்சது" என்று கீழே வைத்தார்.

அன்று சுரைக்காய்க் கூட்டைச் சாப்பிட்டுக்கொண்டே இவர் சொன்னார்: "அந்த ஈ அகரத்துக்காரருக்கு ஒத்தாசை பண்ணணும்னா போச்சு? அது பாட்டுக்கு அது பசிக்குப் போச்சு. அந்தப் பசிக்குள்ளயே ஆண்டவரு நம்ம பசியையும் வச்சு அனுப்பியிருக்காரு, பாத்தியா."

நான் ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவள். கடவுளின் பராமரிப்பு என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். தட்டில் சுரைக்காயாகக் கிடந்ததைப் பார்த்தது அன்றுதான். அதற்குப் பிறகு முருங்கைப் பூவில் ஒரு தேனீயைப் பார்த்தால், தள்ளி நின்றாவது சிலுவை போட்டுக்கொள்வேன். பயத்திலா நன்றியிலா என்று கேட்காதீர்கள். இரண்டும் இருந்தது.

அன்று விட்டால் இல்லை

கல்யாணத்தை ஒரு நாள் தள்ளி வைத்தால் என்ன என்று சிலர் நினைக்கலாம். தள்ள முடியாது. மறுநாள் விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா முடிகிற வரை கோவிலில் தாலி கட்டுகிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளை ஆரோக்கியசாமிக்கு வடக்கே எங்கோ ரயில்வேயில் வேலை. அந்த வாரமே வண்டி ஏற வேண்டும். அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. மூன்று ஞாயிறு பூசையிலும் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாகிவிட்டது. ஊர் முழுக்கப் பாக்கு வைத்தாகிவிட்டது.

இதற்கு மேல், மாப்பிள்ளையின் தாயார் அன்னம்மாள். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டம். கணவர் போன பிறகு தனியாக நின்று காய்கறி விளைவித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். பெண் பார்க்க வந்தபோது கொல்லையில் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "மாடு வளக்கறாங்க, கோழி வளக்கறாங்க, பூச்சியுமா வளப்பாங்க?" என்று கேட்டவர். பையன் பிடிவாதத்தால்தான் சம்மதித்தார். ஏதாவது ஒரு சாக்குக் கிடைத்தால் எழுந்துவிடுவார் என்று எனக்குள் ஓர் உதறல் இருந்துகொண்டே இருந்தது.

தூபம்

நான் மறுபடி கோவில் வாசலுக்கு வந்தபோது, வாழைமரம் கட்டிய காய்கறி லாரியில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் அன்னம்மாள். பின்னால் நாற்காலி போட்டு மற்ற எல்லாரும். என் வீட்டுக்காரர் லாரியின் படியில் தொற்றிக்கொண்டு வந்தார். பீடத்து விஷயத்தை நான் அவர் காதில் போடுவதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையைக் கோவிலுக்குள் அழைத்துப் போனார்கள்.

உள்ளே சின்னப்பன் தன் மூளையை உபயோகித்திருந்தார். தேன் எடுக்கிறவர்கள் புகை போடுவதை அவர் பார்த்திருக்கிறார். கோவிலில் புகை போட என்ன இருக்கிறது? தூபக்கலசம் இருக்கிறது. கங்கு போட்டு, சாம்பிராணியை அள்ளிக் கொட்டி, பெரிய திருநாளில் நற்கருணைக்குக் காட்டுவது போலப் பயபக்தியோடு சங்கிலியைப் பிடித்து அந்தத் தேனீக்களுக்குத் தூபம் காட்டினார்.

கூட்டில் இருக்கிற தேனீ புகைக்கு அடங்கும். வீடில்லாமல் வெட்டவெளியில் தொங்குகிறதற்குப் புகை வந்தால்? பலாக்காய் வெடித்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கோவில் முழுக்க ஒரு பழுப்பு மேகம் சுழன்றது. மேளக்காரர் மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினார். பட்டுச் சேலைகள் தலைக்கு மேலே ஏறின. எங்கிருந்தோ "சேசுவே! சேசுவே!" என்று குரல். நடு வழியில் நின்ற மாப்பிள்ளை கையை வீசினார். புருவத்தில் ஒன்று கொட்டியது.

செத்த நேரத்துக்குள், மாப்பிள்ளையையும் சின்னப்பனையும் தவிர, கோவில் காலி. கடைசி ஆள் வெளியே வருவதற்கு முன்பே அன்னம்மாள் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

லாரிக்குக் கீழே

"வண்டிய எடு கண்ணு" என்றார் டிரைவரிடம். டிரைவர் அவருடைய தம்பி மகன். அவனும் எஞ்சினைக் கிளப்பினான்.

என் வீட்டுக்காரர் லாரிக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டார். கூட்டத்தில் தேனீயைப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள், அங்கிருந்து நகர முடியாமல் லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, ஒதுங்குங்க. சாயங்காலம் கேரளாவுக்கு லோடு ஏத்தோணும்."

"ஏத்துப்பா. மொதல்ல எம்மேல ஏத்து. அப்பறம் போயிக் காய ஏத்து."

நான் லாரியின் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் சம்பந்தியம்மாவின் முகம்.

"எறங்குங்க சம்பந்தியம்மா. செத்த நேரத்துல அடங்கிரும்."

"ஏனுங்க டீச்சரம்மா, தாலி கட்டறதுக்கு முந்தியே எம்பையன் கண்ணு போச்சுங்களே."

"கண்ணுல ஒண்ணும் ஆகல. புருவத்துலதான். ரெண்டு நாள்ல வீக்கம் வடிஞ்சிரும்."

"அது வடியுமுங்க. எம்மனசு வடியோணுமே."

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அகரத்துச் சுரைப்பந்தலைச் சொன்னேன். இந்த ஈ இல்லாவிட்டால் உங்கள் தோட்டத்தில் பாதி காய்க்காது என்றேன். பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரல் வந்துவிட்டது போலிருக்கிறது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொடலைப் பந்தலுக்குள்ளாறயே வளந்தவ நானு. ஈ வராட்டிப் பிஞ்சு நிக்காதுன்னு எனக்குப் பாடம் வேண்டாமுங்க. தோட்டத்துக்கு வந்தா அது வெள்ளாமை. சாமி பீடத்துக்கு வந்தா அது சகுனம்."

"நம்ம வேதத்துல சகுனம் ஏதுங்க?"

"வேதத்துல இல்லீங்க. எங்கூருல இருக்குதுங்க."

பிறகு அன்னம்மாள் தன் சின்ன மகனைக் கூப்பிட்டு, "உள்ள போயி உங்கண்ணனக் கூட்டிட்டு வாடா" என்றார். அவன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அண்ணன் வரமாட்டேங்குதும்மா. முன்பெஞ்சுல போயி உக்காந்துக்கிச்சு. அம்மா வராம தாலி கட்ட மாட்டேன், தாலி கட்டாம லாரியும் ஏற மாட்டேன்னு சொல்லுது."

அன்னம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோவிலுக்கும் லாரிக்கும் நடுவில் வெயிலில் நின்றேன். என் ஜெபம் அப்போது எப்படி இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாதாவே, அந்த ஈக்களை ஒன்று விடாமல் எங்காவது கொண்டுபோய்த் தொலைத்துவிடு. அவ்வளவுதான் என் விசுவாசம். சுரைக்காயெல்லாம் மறந்துபோயிற்று.

கிராதிக்குள்ளே

அந்த நேரத்தில் கோவிலின் பக்கவாட்டு வாசலில் ஒரு மாம்பழ நிறச் சேலை நுழைவதைப் பார்த்தேன். ரெஜினா! தலையில் வெள்ளை முக்காட்டு வலை, கழுத்தில் பாதி மாட்டிய நகை, இடுப்பில் சீர்வரிசைப் பித்தளை அண்டா. யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஓடினேன்.

தேனீக்கள் மறுபடியும் அதே தண்டில் வந்து கூடியிருந்தன. சாம்பிராணிப் புகை அடங்கிவிட்டது. முன்பெஞ்சில் மாப்பிள்ளை ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தார். பங்குச் சாமியார் பாதி உடுத்திய பூசை உடுப்போடு, பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இருக்கிற கிராதிக்கு உள்ளே நின்றார்.

"சாமி, நான் எடுத்துர்றேன்" என்றாள் ரெஜினா.

"நீயாம்மா? கல்யாணப் பொண்ணு. அதுவும் பொம்பளைங்க கிராதிக்குள்ள வரக்கூடாதே."

"சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான சாமி உள்ள கூட்டித் தொடைக்கிறேன்?"

சாமியார் பீடத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் எங்கள் பங்கில் பூசை கிடையாது.

"பூசை இன்னும் ஆரம்பிக்கல. அப்ப நீ கூட்டத்தான் வந்துருக்க. வா."

"ரெஜினா, வேண்டாம்டி!" என்று கத்தினேன்.

அவள் திரும்பவில்லை. "கத்தாதம்மா. மூச்சு பட்டாத்தான் அதுக்குக் கோவம் வரும்."

வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். உதடு வீங்கிய அந்தக் குழந்தைதான் என் கண்ணில் நின்றது. அவள் வலையைக் கழற்றித் தோளில் போட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். அண்டாவை அந்தக் குலைக்கு அடியில் பிடித்தாள். சின்னப்பன் தண்டைத் தூக்கி, அவள் தலையசைத்ததும் ஒரே உதறு உதறினார். பிசைந்த மாவு விழுவது போல மொத்தமும் 'தொப்'பென்று அண்டாவுக்குள் விழுந்தது. அவள் அண்டாவைத் தரையில் வைத்து, ஒரு விரற்கடை இடம் விட்டு, வலையால் மூடினாள்.

பிறகுதான் நான் மறக்க முடியாத காட்சி. வெளியே சிதறிக் கிடந்தவை அண்டாவின் விளிம்பில் வந்து உட்கார்ந்தன. வாலைத் தூக்கிச் சிறகை அடித்து மற்றவற்றைக் கூப்பிட்டன. ராணி உள்ளே போய்விட்டால் மற்றவை தானாக வரும் என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பீடத்துத் துணியிலிருந்து, பேழையின் மேலிருந்து, தரையிலிருந்து அவை நடந்தே வந்தன. ஒன்றை ஒன்று தள்ளாமல், முண்டாமல். எவற்றை எங்காவது கொண்டுபோய்த் தொலைத்துவிடு என்று நான் வேண்டிக்கொண்டேனோ, அவை அமைதியாகத் தங்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. இத்தனை சின்ன உயிரை இவ்வளவு ஒழுங்காகப் படைத்தவர், என் ஒரு பெண்ணைக் கைவிட்டுவிடுவாரா என்று முதல் தடவையாக மனசுக்குள் ஒரு தெம்பு.

தெம்பு வந்ததே தவிர, லாரியின் எஞ்சின் சத்தம் நிற்கவில்லை.

ரெஜினா கிராதியை விட்டு வெளியே வந்தாள். வந்தவள் முன்பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் புருவத்தில் கொடுக்கு இன்னும் அப்படியே இருந்தது. கொடுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிற விஷப்பை, எடுக்கிற வரைக்கும் விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். அவர் அதைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

நேரே அவரிடம் போனாள். இடது கையால் அவர் தாடையைப் பிடித்தாள்.

"அசையாதீங்க."

அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். வலது கைக் கட்டைவிரல் நகத்தால் புருவத்தை வழித்தாள். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் "அய்யய்யோ!" என்றார்கள். தாலி ஏறாத பெண், ஊரார் முன்னால், கோவிலுக்குள் ஒரு ஆண்பிள்ளையின் முகத்தைப் பிடித்திருக்கிறாள். ஈயால் நிற்காத கல்யாணம் இதனால் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

வெளியே எஞ்சின் நின்றது.

வாசலில் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அன்னம்மாள் வந்தார். மகனுக்குக் கண் முழுக்க மூடிவிட்டது என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். லாரியின் தரையில் உதிர்ந்து கிடந்த சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே வேகமாக நடந்து வந்தார். முன்பெஞ்சுக்கு வந்ததும் நின்றார். ரெஜினா கையை எடுக்கவும் தோன்றாமல், நகத்தில் ஒட்டிய கொடுக்கோடு அப்படியே நின்றாள்.

அன்னம்மாள் மகனைப் பார்த்தார். அவன் தாடையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கையிலிருந்த வெங்காயத்தை அந்தக் கையிலேயே திணித்தார்.

"கண்ணுக்குள்ள எறங்காமப் பாத்துத் தேச்சு உடு அம்மிணி."

பிறகு பீடத்துப் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சாமி, ஊரே பாக்க எம்பையன் மூஞ்சியத் தொட்டுப்போட்டா. இனி இவனுக்கு வேற எவனுங்க பொண்ணு குடுப்பான்? நேரமாவுதுங்க, பூசைய ஆரம்பிங்க."